லிண்டா ஹாய்ல், 'பீசஸ் ஆஃப் மீ' (1971): விலையை விட்டுவிட்டுக் குரலைப் பேசுவோம்

சுழல்தட்டு

பிரிட்டிஷ் பாடகி லிண்டா ஹாய்ல் பெயர் இந்தக் களத்தில் வரும்போதெல்லாம் ஒரு தொகையோடு சேர்ந்தேதான் வருகிறது. வெர்டிகோ நிறுவனத்தின் 6360 060 எண் தட்டு, சுழல் லேபிள், நல்ல நிலையில் இருந்தால் ஆயிரம் பவுண்டுக்கு மேல். அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்தத் தட்டில் ஒரு பெண் பாடியிருக்கிறார், எப்படிப் பாடியிருக்கிறார் என்று யாரும் எழுதிப் பார்க்கவில்லை. அண்மையில் நண்பர் ஒருவர் வீட்டில் அசல் பிரதியை இரண்டு பக்கமும் முழுதாகக் கேட்கும் வாய்ப்பு அமைந்தது. கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1960களின் நடுவில், பிரைட்டனுக்குப் பக்கத்தில் உள்ள சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் அறிவியல் மாணவர்கள் சிலர் சேர்ந்து மூவர் ஜாஸ் குழு ஒன்று வைத்திருந்தார்கள். அதன் வழியாக வளர்ந்ததுதான் அஃபினிட்டி என்ற இசைக்குழு. பெயரே ஜாஸ் பியானோ கலைஞர் ஆஸ்கர் பீட்டர்சனின் எல்பி (நீள்இசைத்தட்டு) ஒன்றிலிருந்து எடுத்தது. லின்டன் நைஃப் ஹாமண்ட் ஆர்கன், மைக் ஜாப் கிதார், மோ ஃபாஸ்டர் பேஸ், கிராண்ட் செர்பெல் டிரம்ஸ், பாட லிண்டா ஹாய்ல். 1968 இலையுதிர் காலத்தில் லண்டனில் மேடையேறினார்கள். லண்டனில் ஜாஸ் கிளப் நடத்திய ரானி ஸ்காட் அவர்களுக்கு மேலாளராக வந்தார். லண்டனில் ஜாஸுக்கு அதைவிடப் பெரிய சிபாரிசு அன்றைக்குக் கிடையாது. 1970இல் வெர்டிகோவில் குழுவின் பெயரிலேயே எல்பி வந்தது. ஏரிக்கரையில் குடை பிடித்த பெண் உட்கார்ந்திருக்கும் அந்த உறையைப் பலர் பார்த்திருப்பீர்கள். ராக் குழுவான பிளாக் சபாத்தின் முதல் தட்டுக்கு உறை செய்த கீஃப் செய்தது. இரண்டு பாட்டுக்கு லெட் செப்பலின் ஜான் பால் ஜோன்ஸ் வாத்தியக் கோர்வை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

1971 தொடக்கத்தில் ஹாய்ல் குழுவிலிருந்து விலகினார். அதே ஆண்டு தனியாக ஒரே ஒரு எல்பி. அதுதான் 'பீசஸ் ஆஃப் மீ'. இசைக்கோர்வை கார்ல் ஜென்கின்ஸ். ஆம், பிற்காலத்தில் 'அடியமஸ்' என்ற இசைத்தொகுப்பைச் செய்து, சர் பட்டம் வாங்கிய அதே ஜென்கின்ஸ்தான். கிதார் கிறிஸ் ஸ்பெடிங், பேஸ் ஜெஃப் கிளைன், டிரம்ஸ் ஜான் மார்ஷல். நால்வருமே நியூக்ளியஸ் ஆட்கள். 1970இல் மாண்ட்ரூ ஜாஸ் விழாவில் முதல் பரிசு வென்ற குழு அது. அப்படிப்பட்ட கைகள் பின்னால் இருக்கும்போது பாடகி அமுங்கிப்போவது எளிது. இவர் அமுங்கவில்லை.

முதல் பாட்டு 'பேக்லாஷ் புளூஸ்'. ஸ்பெடிங்கின் கிதார் கரகரவென்று குறுக்கே வந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலான பாடகர்கள் அதோடு போட்டி போட்டுக் கத்துவார்கள். ஹாய்ல் கத்தவில்லை. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பல்லில் கடித்து வைப்பதுபோல் வைக்கிறார், சொல்லின் கடைசியைத் தளர்த்தி விட்டுவிடுகிறார். அதனால் கிதாருக்கு நடுவே சொல் மேலே மிதக்கிறது. ஜாஸ் பாடகர்களிடம் அதிகம் காணும் பழக்கம் ஒன்று இவரிடமும் இருக்கிறது: தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் நிற்பது. மார்ஷல் முன்னால் தள்ளுகிறார், இவர் அரை மூச்சு தாமதித்து வந்து விழுகிறார். அந்த இடைவெளியில்தான் பாட்டின் கோபமே இருக்கிறது.

அடுத்த பாட்டு 'பேப்பர் டியூலிப்ஸ்'. நேர் எதிர். வாத்தியங்கள் ஒதுங்கி நிற்க, குரல் ஏறக்குறைய பேசும் அளவுக்கு இறங்கிவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போதுதான் இந்தப் பெண் குரலை எவ்வளவு கட்டுப்பாட்டில் வைத்திருந்தார் என்பது புரிகிறது.

இந்தத் தட்டின் விலை எனக்குப் பொருட்டில்லை. 1971இல் பிரிட்டனில் இப்படிப் பாடியவர்களைக் கை விரலால் எண்ணிவிடலாம். அந்த வரிசையில் இவருக்கு இடம் உண்டு. அதைப் பேசலாம் வாருங்கள்.

கரம்பன்

அண்ணை, அருமையான பதிவு. ஆனால் ஒரு கேள்வி. இவவை ஜாஸ் பாடகி எண்டு சொல்லலாமோ? அஃபினிட்டி எல்பியிலை பாப் டிலனின் 'ஆல் அலாங் த வாட்ச்டவர்' பதினொரு நிமிசத்துக்கு மேலை ஓடுது. எவர்லி பிரதர்ஸ் பாட்டு இருக்குது. வெர்டிகோ சேகரிப்பாளர்கள் இதை முன்னேற்ற ராக் (புரோகிரெசிவ் ராக்) பெட்டிக்குள்ளதான் வைச்சிருக்கினம்.

நடுநிசி வானொலி

கரம்பன், நீங்கள் கேட்ட கேள்வியை அன்றைய விமர்சகர்களும் கேட்டார்கள். எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. எந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தார் என்று பாருங்கள், ஆள் எங்கிருந்து வருகிறார் என்பது தெரிந்துவிடும்.

அஃபினிட்டி தட்டில் 'மிஸ்டர் ஜாய்' இருக்கிறது. அனெட் பீகாக் எழுதியது. பியானோ கலைஞர் பால் பிளே அதை வாசித்துத்தான் ஜாஸ் உலகத்துக்குத் தெரியும். 1970இல் ஒரு ராக் பாடகிக்கு அந்தப் பாட்டு கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. ஜாஸ் கேட்டு வளர்ந்த குழுதான் அதை எடுத்திருக்கும்.

'பீசஸ் ஆஃப் மீ'யின் கடைசிப் பாட்டு 'பேரல் ஹவுஸ் மியூசிக்'. வில்லர்ட் ராபிசன் எழுதியது, 1930களில் மில்ட்ரெட் பெய்லி பாடியது. பெய்லியை இன்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? பெரிய இசைக்குழுவில் முழுநேரப் பாடகியாக அமர்ந்த முதல் பெண்களில் ஒருவர், பில்லி ஹாலிடேக்கு முன்னாலேயே தாளத்தோடு விளையாடியவர். ஒரு முழு எல்பி முழுக்கக் கிதாரும் கோபமுமாகப் போய்விட்டு, முடிவில் பெய்லியின் பாட்டுக்கு வந்து நிற்கிறார் ஹாய்ல். தன் வீட்டு முகவரியை அவர் அங்கே எழுதி வைத்திருப்பதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று 'லோன்லி விமன்'. அமெரிக்கப் பாடகி லாரா நைரோவின் பாட்டு, 1968 எல்பியில் உள்ளது. நைரோ அதை ஏறக்குறைய அழுகையின் விளிம்பில் நின்று பாடுவார். ஹாய்ல் அழவில்லை. நீட்டி, நிதானித்து, ஒவ்வொரு அடியின் முடிவிலும் சுருதியைக் கொஞ்சம் கீழே சாய விட்டுப் பாடுகிறார். அந்தச் சாய்வு புளூஸ் கற்றவர்களின் சாய்வு.

பெட்டியில் எந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது என்பது கடைக்காரர் கவலை. காது கேட்பது ஜாஸ் பாடகியைத்தான்.

பேஸ்கிதார்

மேலே சொன்னதற்கு முழு ஆதரவு. மோ ஃபாஸ்டரின் பேஸுக்காக அஃபினிட்டிக்குள் போனவன் நான். ஹாய்லுக்காக அங்கேயே தங்கிவிட்டேன். 'கோகனட் குரோவ்' கேட்டுப் பாருங்கள், ஜான் செபாஸ்டியன் பாட்டு. மெதுவாகப் பாடுவது எவ்வளவு கடினம் என்று அதில் தெரியும்.

மோ 2023 ஜூலையில் போய்விட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜான் மார்ஷலும் போனார். இந்தத் தட்டுகளை வாசித்த கைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துவருகின்றன.

செவிக்குணவு

எல்லோரும் புகழ்கிறீர்கள், எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. சொல்லியே ஆகவேண்டும்.

'பேக்லாஷ் புளூஸ்' யாருடைய பாட்டு? அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் எழுதிய கவிதை. பாடகி நீனா சிமோன் இசையமைத்து 1967இல் பாடினார். அதே ஆண்டு மே மாதம் ஹியூஸ் இறந்தார். வரியைக் கூட்டுகிறார்கள், கூலியைக் கூட்ட மறுக்கிறார்கள், பிள்ளையை வியட்நாமுக்கு அனுப்புகிறார்கள், இரண்டாந்தர வீடு, இரண்டாந்தரப் பள்ளி என்று கறுப்பின மக்கள் வெள்ளை அதிகாரத்தைப் பார்த்து நேருக்கு நேர் கேட்கும் பாட்டு. அதை லண்டனில் ஒரு வெள்ளைக்காரப் பெண், நான்கு வெள்ளைக்கார வாத்தியக்காரர்களோடு பாடுவது எப்படிப் பொருந்தும்? குரல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தப் பாட்டில் 'நான்' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டா? நீனா பாடும்போது அந்த 'நான்' உடம்பிலிருந்து வருகிறது.

சுழல்தட்டு

செவிக்குணவு, இது ஒதுக்கித் தள்ளக்கூடிய கேள்வி இல்லை. நேராகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

பிரிட்டிஷ் ஜாஸ் முழுவதுக்குமே இந்தச் சிக்கல் உண்டு. 1935இலிருந்து 1956வரை அமெரிக்க ஜாஸ் குழுக்கள் பிரிட்டனில் வந்து வாசிக்க ஏறக்குறைய முழுத் தடை இருந்தது. இரண்டு நாட்டு வாத்தியக்காரர் சங்கங்களின் சண்டை. ஒரு தலைமுறை பிரிட்டிஷ் கலைஞர்கள் ஜாஸைத் தட்டிலிருந்து மட்டுமே கற்றார்கள். ஊசி முனையில் கேட்டு, நகல் எடுத்து, அமெரிக்க உச்சரிப்போடு பாடினார்கள். 1959இல் ஜெரார்ட் தெருவில் ரானி ஸ்காட் கிளப் திறந்தபோதுகூட அமெரிக்கர்களைக் கொண்டுவர இரண்டு வருடம் ஆனது. 1961இல் அமெரிக்க சாக்ஸஃபோன் கலைஞர் ஸூட் சிம்ஸ் வந்தபிறகுதான் கதவு திறந்தது. ஆகவே கடன் வாங்கிய குரல் என்ற குற்றச்சாட்டு அவர்கள் எல்லோர்மீதும் விழும்.

ஆனால் அந்தக் குறிப்பிட்ட பாட்டில் ஹாய்ல் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். நீனாவைப்போல் பாட முயலவே இல்லை. நீனாவின் பதிவில் நிதானமான, அடங்கிய ஏளனம் இருக்கும். இங்கே அது கிடையாது. ஹாய்லின் பாட்டில் எரிச்சலும் அவசரமும் இருக்கின்றன. வேறொருவரின் துயரத்தைத் தன்னுடையதாக நடிப்பதாக எனக்குக் கேட்கவில்லை. அந்த வரிகளை எழுதியவர்பால் உள்ள மரியாதையில், அதைத் தன் ஊர்க்காரர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவதாகத்தான் கேட்கிறது. எல்பியின் முதல் பாட்டாக அதை வைத்திருப்பதும் அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இதற்குமேல் நீங்கள் ஏற்காவிட்டால் அதுவும் நியாயமே. நீனா பதிவை முதலில் கேட்கவேண்டும் என்பதில் நமக்குள் வேறுபாடு இல்லை.

செவிக்குணவு

ஏற்கிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் 'உரக்கப் படித்துக் காட்டுவது' என்ற காதோடு இன்னொரு முறை கேட்கிறேன். அதே எல்பியில் 'ஹிம் டு வேலரி சொலானஸ்' இருக்கிறதே, அது எனக்கு உறுத்தவில்லை. 1968 ஜூனில் ஓவியர் ஆண்டி வார்ஹாலைச் சுட்ட பெண்ணைப் பற்றி, மூன்றே வருடத்தில், ஒரு பெண் பாட்டு எழுதுகிறார் என்றால் அதற்குத் துணிச்சல் வேண்டும். அங்கே அவர் தன் சொந்தக் கோபத்தோடு நிற்கிறார்.

பழைய உறை

சேகரிப்பாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் முன் எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். நான் வெர்டிகோ சுழல் லேபிள் மட்டும் சேர்ப்பவன், வருடக்கணக்காக.

1969இல் பிலிப்ஸ் நிறுவனம் இந்த லேபிளைத் தொடங்கியது. இஎம்ஐக்கு ஹார்வெஸ்ட், டெக்காவுக்கு டெராம் இருந்ததுபோல, புதிய இசைக்கு ஒரு தனி வீடு. பொறுப்பில் இருந்தவர் ஓலவ் வைப்பர். முதல் எல்பி கொலோசியம் குழுவின் 'வாலண்டைன் சூட்', எண் விஓ 1. சபாத் 1970 பிப்ரவரி 13, எண் விஓ 6. சபாத், யூரியா ஹீப் போன்ற ராக் குழுக்களோடு நியூக்ளியஸ், கீத் டிப்பெட், கிரஹாம் பாண்ட் என்று ஜாஸ் ஆட்களுக்கும் லேபிள் தட்டு போட்டுக் கொடுத்தது. விற்காது என்று தெரிந்தே போட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது.

லேபிளைப் பார்க்காதவர்களுக்கு: முதல் பக்கத்தில் வெர்டிகோ என்ற பெயர் தவிர வேறு எழுத்தே கிடையாது. லேபிள் முழுவதும் கறுப்பு வெள்ளை வளையச் சுழல். தட்டு ஓடத் தொடங்கியதும் அது நடுக்குழிக்குள் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும். சிறிது நேரம் பார்த்தால் தலை சுற்றும். பாட்டு, ஆள் விவரமெல்லாம் இரண்டாம் பக்க லேபிளில்தான். 1973இல் இதை நிறுத்திவிட்டு ராஜர் டீன் வரைந்த விண்கல லேபிளுக்கு மாறினார்கள்.

இந்தச் சுழல் வரிசையில் எண்பதுக்கு மேற்பட்ட எல்பிகள். எங்களைப் போன்றவர்களுக்கு எண்வரிசை முழுமையாக வேண்டும், ஒன்று குறைந்தாலும் தூக்கம் வராது. 'பீசஸ் ஆஃப் மீ' ஏன் அரிது? அடித்ததே குறைவு, விற்றது அதைவிடக் குறைவு. அஃபினிட்டியை விட்டுவந்த பாடகி, ஊர் ஊராகப் போய் அந்தப் பாட்டுகளை மேடையில் பாடிக் காட்ட ஒரு நிலையான குழு கிடையாது. வாசித்தவர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த ஆண்டே ஜென்கின்ஸும் மார்ஷலும் சாஃப்ட் மெஷின் என்ற குழுவில் இருக்கிறார்கள். தள்ளிவிட ஆள் இல்லாத தட்டு கடையில் கிடந்து, கழிவு விலைப் பெட்டிக்குப் போய், மறைந்தது.

அப்புறம் நாங்கள் வந்தோம். எண்ணுக்காகத் தேடினோம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணுக்காகத்தான் அந்தத் தட்டு குப்பைக்குப் போகாமல் தப்பியது. விலை ஏறியதால்தான் சிடி போடுபவர்கள் கவனித்தார்கள். சிடி வந்ததால்தான் இன்று இணையத்தில் எவரும் கேட்கமுடிகிறது. 6360 060 என்ற எண் மட்டும் அந்த உறையில் இல்லாதிருந்தால், வேறொரு சின்ன லேபிளில் வந்திருந்தால், ஹாய்லை மீட்டெடுக்க ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள்.

சுழல்தட்டு

பழைய உறை, இதை நான் மனதாரச் சொல்கிறேன்: சேகரிப்பாளர்கள் காப்பாற்றிய தட்டு அது. என் ஆதங்கம் அதற்கு அடுத்த படி பற்றியது. காப்பாற்றியபின் கேட்கவும் வேண்டும். பெட்டகத்தில் உறை பிரிக்காமல் இருக்கும் பிரதிகள் எத்தனை இருக்கின்றனவோ! நீங்கள் கேட்கிறீர்கள், எழுதுகிறீர்கள். எல்லோரும் அப்படி இல்லை.

மாலதி

தலைப்புக்குள் ஒரு சின்னத் திருத்தம் வைக்கிறேன். இந்த இழையில் சிலர் 'மறக்கப்பட்டவர்', 'தொலைந்துபோனவர்' என்ற தொனியில் எழுதுகிறீர்கள். பெண் பாடகிகள் விஷயத்தில் இந்தத் தொனி வந்துகொண்டே இருக்கிறது. ஆண் ஒருவர் இசையை விட்டுப் போனால் 'வேறு துறைக்கு மாறினார்', பெண் போனால் 'காணாமல் போனார்'.

லிண்டா ஹாய்ல் எங்கும் காணாமல் போகவில்லை. 1970களின் தொடக்கத்தில் கனடாவுக்குப் போனார். ஒண்டாரியோ மாநிலத்தில் உள்ள லண்டன் நகரில் வாழ்க்கை அமைத்துக்கொண்டார். ஓவிய வழி உளச்சிகிச்சை கற்று, அதைத் தொழிலாகச் செய்து, பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அது இசைக்குக் கீழான வேலை இல்லை. வரையத் தெரியாதவர் கையில் வண்ணத்தைக் கொடுத்து, சொல்லமுடியாததை அவர் தாளில் கொண்டுவரும்வரை கூட உட்கார்ந்திருக்கும் வேலை. பாட்டில் வாத்தியம் முடியும்வரை காத்திருந்து சொல்லை வைப்பவர் அதைச் செய்யப் போனதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

2015இல் 'த ஃபெட்ச்' என்று ஒரு தட்டு வந்தது. மோ ஃபாஸ்டரும் அவரும் சேர்ந்து பாட்டுகளை எழுதினார்கள். ஏஞ்சல் ஏர் வெளியிட்டது. நாற்பது ஆண்டுக்கு மேலான இடைவெளி. குரல் கீழே இறங்கியிருக்கிறது, ஓரத்தில் மணல் ஏறியிருக்கிறது, சொல்லைக் கடிக்கும் அந்தப் பழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. 1971 தட்டுக்கு ஆயிரம் பவுண்டு கொடுப்பவர்களில் எத்தனை பேர் இதை வாங்கினார்கள்? வாழும் கலைஞருக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுதான். பழைய தட்டின் மறுவிற்பனையில் அவருக்கு ஒரு காசு போகாது.

நடுநிசி வானொலி

மாலதி அக்கா சொன்னதை இரண்டு முறை படித்தேன். 'தொலைந்துபோனவர்' என்று நானும் இனி எழுதமாட்டேன்.

இதோடு சேர்த்து ஜாஸ் பாடகி நார்மா வின்ஸ்டனைப் பேசாமல் விட்டால் கதை பாதியில் நிற்கும். அவரும் அதே லண்டன், அதே ஆண்டுகள். அவர் இசையை விடவில்லை, ஆனால் அவருடைய முதல் எல்பிக்கு நேர்ந்ததும் இதுதான்.

'எட்ஜ் ஆஃப் டைம்', 1972, ஆர்கோ லேபிள். டெக்காவின் கிளை அது. கவிதை வாசிப்பு, ஷேக்ஸ்பியர் நாடகம், தேவாலயப் பாடகர் குழு, நீராவி ரயில் இன்ஜின்களின் சத்தம், இவற்றைப் பதிவு செய்துகொண்டிருந்த நிறுவனம். அங்கேதான் வின்ஸ்டன் வந்து சேர்ந்தார். பியானோவில் ஜான் டெய்லர், சாக்ஸஃபோனில் மைக் ஆஸ்போர்ன், இன்னும் அன்றைய லண்டனின் சிறந்த ஊதுகலைஞர்கள். அதற்கு முந்தைய ஆண்டு மெலடி மேக்கர் இசை வார இதழின் வாசகர் வாக்கெடுப்பில் சிறந்த பாடகி என்று வென்றவர். இருந்தும் எல்பி விற்கவில்லை, விரைவில் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பல்லாண்டு காலம் சேகரிப்பாளர்களிடம் மட்டும்தான் இருந்தது.

வின்ஸ்டன் செய்த பெரிய காரியம், சொல்லே இல்லாமல் பாடியது. அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் பாணியில், பொருளில்லாத அசைகளை வைத்துப் பாடும் 'ஸ்காட்' வேறு, இது வேறு. ஸ்காட்டில் பாடகர் தனி ஆவர்த்தனம் செய்வார். வின்ஸ்டன் ட்ரம்பெட்டுக்கும் சாக்ஸஃபோனுக்கும் நடுவே ஒரு வாத்தியமாகப் போய் உட்கார்ந்துகொள்கிறார். எழுதிய வரிகளில் அவருடைய குரலுக்கும் ஒரு பங்கு இருக்கும். கண்ணை மூடிக் கேட்டால் எது குரல், எது ஃப்ளூகல்ஹார்ன் (ட்ரம்பெட் போன்ற ஊதுவாத்தியம்) என்று சட்டென்று பிரிக்க முடியாது. சொல்லோடு பாடும்போது அமெரிக்க உச்சரிப்பு கிடையாது, தன் லண்டன் ஆங்கிலத்திலேயே பாடினார். மேலே சுழல்தட்டு சொன்ன ஊசிமுனைக் கல்வியிலிருந்து வெளியே வந்தது அங்கேதான்.

1977இல் ஜான் டெய்லர், கென்னி வீலரோடு அசிமுத் என்று மூவர் குழு, இசிஎம் நிறுவன வெளியீடு. அதில் வந்த 'த டனல்' என்ற பாட்டின் துண்டைத்தான் 2023இல் ராப் பாடகர் டிரேக் தன் பாட்டு ஒன்றில் எடுத்துப் போட்டார். எண்பதைக் கடந்த ஒரு ஜாஸ் பாடகியின் குரல் ஒரேயடியாகப் பெருந்திரளான பேர் காதில் விழுந்தது. அவர்களில் எத்தனை பேர் அது யார் குரல் என்று தேடினார்கள் என்பது வேறு விஷயம். தேடியவர்களுக்கு அவர் இருந்தார், பாடிக்கொண்டுதான் இருந்தார்.

கரம்பன்

டிரேக் பாட்டைக் கேட்டுத்தான் நானே அசிமுத்துக்குப் போனனான். அதுக்குள்ளால இங்கை வந்து சேர்ந்தாச்சு. வின்ஸ்டனையும் ஹாய்லையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தன். என்ரை கேள்விக்கு நடுநிசி சொன்ன பதில் சரிதான் போலை இருக்குது. ஹாய்ல் சொல்லுக்குள்ளை நிண்டு பாடுறா, வின்ஸ்டன் சொல்லுக்கு வெளியிலை நிண்டு பாடுறா. ரெண்டுமே ஜாஸ்தான்.

இப்ப இன்னொரு கேள்வி, பழைய உறை அண்ணையிட்டை. ஒரு விற்பனையாளர் 'பீசஸ் ஆஃப் மீ' சுழல் லேபிளோடை போட்டிருக்கிறார், விலை சந்தேகப்படுற அளவுக்குக் குறைவு. அசலோ எண்டு எப்பிடித் தெரியும்?

பழைய உறை

வாங்காதீர்கள், முதலில் படம் கேளுங்கள். சுழல் லேபிளில் கள்ளப் பதிப்புகள் நிறைய இருக்கின்றன. பிற்காலத்து மறுபதிப்புகளும் அந்த லேபிளை அப்படியே நகல் எடுத்திருக்கின்றன.

பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் ஒரு வெற்று வளையம் வரும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அதில் பொறித்த எழுத்து தெரியும். அந்தக் காலத்துப் பிலிப்ஸ் அச்சில் தட்டின் எண்ணை அடுத்து, பக்கத்தைக் குறிக்கும் 1 அல்லது 2, ஆங்கில ஒய் எழுத்து, இரண்டு சாய்கோடு, இன்னொரு எண் என்று வரும். இயந்திரத்தில் பொறித்த சின்ன, சீரான எழுத்து. கையால் கிறுக்கியதுபோல் இருந்தாலோ, வேறு அமைப்பில் இருந்தாலோ விலகிவிடுங்கள். அடுத்தது சுழலின் கோடுகள். அசலில் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் கூர்மை. நகலில் லேசாகக் கசிந்திருக்கும், நடுக்குழி அருகே கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருக்கும். படத்தைப் பெரிதாக்கினாலே தெரியும்.

கரம்பன்

படம் கேட்டன், வளையத்தின்ரை படம் அனுப்ப மாட்டாராம். விட்டுட்டன்.

பேஸ்கிதார்

நல்ல முடிவு. அந்தப் பணத்தில் அஃபினிட்டி சிடி, 'பீசஸ் ஆஃப் மீ' சிடி, 'த ஃபெட்ச்' மூன்றையும் வாங்கி மிச்சமும் இருக்கும். ஏஞ்சல் ஏர் அஃபினிட்டியின் பழைய ஒலிநாடாக்களையும் தோண்டியெடுத்து வெளியிட்டிருக்கிறது. ஒலித்தரம் சீராக இருக்காது, ஆனால் குழு மேடையில் எப்படி வாசித்தது என்பது தெரியும்.

செவிக்குணவு

'பேக்லாஷ் புளூஸ்' இரண்டையும் கேட்டேன், நீனா முதலில், ஹாய்ல் பிறகு. என் நெருடல் முழுதாகப் போகவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். வியட்நாம் வரும் அடியில் ஹாய்ல் குரலை உயர்த்தவே இல்லை. மற்ற இடங்களில் முன்னால் பாய்பவர், அங்கே மட்டும் சமமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். அது என்னுடையதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது போலத்தான் எனக்குக் கேட்டது. சுழல்தட்டு, அசலில் கேட்டவர் நீங்கள். அங்கேயும் அப்படித்தானா?

சுழல்தட்டு

அங்கேயும் அப்படித்தான், இன்னும் தெளிவாக. அசல் அச்சில் குரல் கிதாருக்குச் சற்று முன்னால் நிற்கிறது, அதனால் அவர் அடக்குவது தனியாகத் தெரிகிறது. நான் கேட்ட சிடியில் கிதார் மேலே ஏறி வந்து அந்த இடத்தை மூடிவிடுகிறது. சிடியில் கேட்பவர்கள் ஒலியைக் கொஞ்சம் குறைத்து, ஹெட்ஃபோனில் கேளுங்கள், பிடிபடும். நீங்கள் கவனித்ததை நான் கவனிக்கவில்லை. அந்த அடியை மனதில் வைத்துக்கொண்டு 'பிளாக் குரோ', 'ஜர்னிஸ் எண்ட்' இரண்டையும் கேட்டு இங்கேயே எழுதுங்கள். அடுத்து அவற்றைப் பற்றித்தான் பேச நினைத்திருந்தேன்.